இரண்டாம் விருப்பு

இரண்டாயிரமாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் என் கணவர், எங்கள் வீட்டுக்காரர், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் இறங்கினார். வேட்பாளராக அல்ல, பிரசாரகராக. மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், மூன்றாம் மாடியில், எங்கள் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. அமெரிக்காவில் அவர் அதுவரை காலே வைத்ததில்லை. முன்பு ஒருமுறை விசா கேட்டுப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் இவர் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே முடியாது என்று சொல்லிவிட்டாள். பிறகு நாங்கள் கனடாப் பிரஜைகளாகி, விசாவே தேவையில்லை என்ற நிலை வந்தபோதும், "வேண்டாமெண்டு சொன்ன வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மிதிக்காத அந்த வீட்டுக்கு யார் தலைவராக வரவேண்டும் என்பதில்தான் மனிதருக்கு அவ்வளவு கரிசனை.

அவருக்கு வேலை, மருந்துக்கடைகளுக்குச் சாமான் இறக்கும் வான் ஓட்டுவது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் வரை போவார். வானில் வானொலி எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்க நிலையம் ஒன்று அதில் தெளிவாகக் கேட்கும். செப்டெம்பரில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சை பாரும், அந்த மனிசன் எங்கட கதையையெல்லோ கதைக்கிறான்!"

"எந்த மனிசன்?"

"அமெரிக்காவில எலெக்சன் கேக்கிற மூண்டாவது ஆள். ரெண்டு பெரிய கட்சியும் ஒண்டுதான், முகம்தான் வேற எண்டு சொல்லுறான். இதைத்தானே நாங்கள் ஐம்பது வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறம்!"

"முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ. இப்பதான் துடைச்சனான்."

அப்படித்தான் தொடங்கியது. அந்த வேட்பாளரின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் வீட்டில் அவர் பெயர் மூன்றாமவர். மற்ற இருவருக்கும் பெரிய மேடையும் பலூன்களும் தொலைக்காட்சி விவாதமும் இருந்தன. மூன்றாமவரை அந்த விவாத மேடையில் ஏறவே விடவில்லை. அதைக் கேள்விப்பட்டதும் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். தன்னையே வாசலில் மறித்தது போன்ற கோபம் அவருக்கு. பாவம், அன்றைக்கு நான் நண்டுக்கறி வைத்திருந்தேன்.

இதை விளங்கிக்கொள்வதற்கு எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் நாட்டிலும் பெரிய கட்சிகள் இரண்டு, ஒன்று பச்சை, மற்றது நீலம். எது வந்தாலும் எங்களுக்கு அடிதான் என்பது சின்ன வயதிலேயே தெரிந்துவிடும். அதனால் நிச்சயம் தோற்கப்போகிறவர் என்று ஊர் முழுக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டால் எங்களுக்கு உடனே நெஞ்சு இளகிவிடும். அவருக்கே வாக்கைப் போட்டுவிட்டு, முடிவு வந்ததும் மூன்று நாள் நாட்டைத் திட்டுவோம். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கொள்கை.

சிக்கல் என்னவென்றால், மொன்றியலில் இருக்கும் தமிழர் எவருக்கும் அமெரிக்காவில் வாக்கு இல்லை. இவர் அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் எல்லோரும் தேநீரும் கேக்குமாக நிற்கும்போது, இவர் ஒவ்வொருவராகப் பிடித்து மூன்றாமவரின் பெருமையைச் சொல்லத் தொடங்குவார். மன்னார்க்காரர் ஒருவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐசே, எனக்கு இஞ்ச நிரந்தரமா இருக்க பி.ஆர். கிடைச்சே ஆறு மாசம். என்னட்டை ஏன் அமெரிக்காவுக்கு வோட்டுக் கேக்கிறீர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து கோவிலில் இவருக்கு 'ஜனாதிபதி' என்று பட்டம் விழுந்துவிட்டது. சாமியாரே ஒருநாள் கை கொடுக்கும்போது, "என்ன ஜனாதிபதி, சுகமோ?" என்றார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் மகிழ்ச்சியோடு, "ஓம் சாமி, நிலவரம் நல்லாக் கிடக்கு" என்றார்.

எங்கள் இரு பக்கத்து உறவுகளையும் சல்லடை போட்டுத் தேடினால், அமெரிக்க வாக்கு உள்ளவர் ஒரே ஒருவர்தான். என் சொந்த அண்ணை.

அண்ணை புளோரிடாவில் இருந்தார். தோடம்பழச் சாறு போத்தலில் அடைக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. கலியாணம் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு தொலைபேசியில் கதைப்பதுதான் அவருக்குக் குடும்பம். அந்த வருடம் வசந்தத்தில் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கிடைத்த அன்று எடுத்துச் சொன்ன முதல் வார்த்தை வீட்டைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அல்ல.

"பிள்ளை, இந்த முறை என்ர வோட்டை நானே போடுவன். ஒருத்தனும் எனக்கு முன்னம் போடேலாது."

வேறு யாராவது கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்குத்தான் அதன் கதை தெரியும். எண்பத்திரண்டில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது அண்ணைக்கு அதுதான் முதல் வாக்கு. வெள்ளைச் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, பள்ளிக்கூடத்தடிக்குப் போனார். வரிசையில் நின்று உள்ளே போனால், பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு இழுத்திருந்தது. "தம்பி, உம்மட வோட்டு விழுந்திட்டுது" என்றாராம் மேசையில் இருந்தவர். அண்ணை மை படாத விரலைத் தூக்கிக் காட்டினாராம். மேசைக்காரர் விரலையும் பார்த்தார், பட்டியலையும் பார்த்தார், பட்டியலைத்தான் நம்பினார். யாரோ ஒருவன் அண்ணையாகி வந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். ஊரில் கன காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணையும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் ஒருத்தரோடும் கதைக்கமாட்டார்.

அடுத்த வருடக் கலவரத்தில் கொழும்பில் அவர் இருந்த அறையை எரித்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது பச்சை. உடுத்திருந்த துணியோடு தப்பி, கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, எங்கெங்கோ இறங்கி ஏறி, கடைசியில் புளோரிடாவில் ஒதுங்கினார். வாக்களிக்கும் ஆசை மட்டும் அவரோடு கூடவே வந்துவிட்டது. நாற்பது வயது தாண்டிய மனிதர், வாழ்க்கையில் ஒரு வாக்காவது தன் கையால் போட்டு, அது எண்ணப்படவேண்டும் என்று காத்திருந்தார். அந்த ஒரே ஒரு வாக்கின் மேல்தான் எங்கள் வீட்டு ஜனாதிபதி கண் வைத்தார்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, நான் அண்ணையோடு கதைத்து முடிப்பதற்குள் இவர் ரிசீவரைப் பறித்துக்கொண்டார்.

"மச்சான், நீர் மூண்டாவதுக்குத்தான் போடவேணும்."

"ஆர் அந்த ஆள்? என்ன கட்சி?"

"கட்சி நிறம் பச்சை."

அந்தப் பக்கம் கிளம்பிய சத்தம் ரிசீவருக்கு வெளியே, அடுப்படியில் நின்ற எனக்கே கேட்டது.

"பச்சைக்கோ? என்ர அறையை எரிச்ச பச்சைக்கோ? நீர் ஆரைப் பாத்து ஆருக்குப் போடச் சொல்லுறீர்?"

"ஐயோ, அந்தப் பச்சை இல்லை மச்சான்! இது மரம் மட்டை, காத்து, தண்ணி. மரப்பச்சை!"

"எந்தப் பச்சையெண்டாலும் செத்தாலும் போடமாட்டன்!"

டக்கென்று வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் மணி அடித்தபடியே இருந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "உங்கட மரமும் மட்டையும்! இருக்கிறது ஒரு அண்ணை. அவரோட கதைபேச்சு இல்லாமப் பண்ணிப்போட்டீங்கள்" என்று நின்ற நிலையில் கத்தினேன். இவர் பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியை ஊற்றிக் குடித்தார். மூன்றாமவருக்காகக் குடும்பத்தில் ஓர் இழப்பைத் தாங்குகிறாராம்.

அதற்கடுத்த வாரம் அண்ணையே எடுத்தார். அவர் மனம் கரும்பலகை மாதிரி, எழுதியதை அவரே அழித்துவிடுவார். யோசித்துப் பார்த்தாராம், மூன்றாமவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதாம். தொலைக்காட்சியில் ஆளைப் பார்த்தாராம், கசங்கிய கோட்டோடு வந்து நிற்கிறாராம், நம்பலாம் போலத்தான் இருக்கிறதாம். ஆனால் ஒரு பயம்.

"மச்சான், புளோரிடாவில இந்த முறை இழுபறி எண்டு கதைக்கினம். பெரியாக்கள் ரெண்டு பேரில ஒருத்தன் வந்தாக் கொஞ்சம் பரவாயில்லை, மற்றவன் வந்தாக் கேடு. நான் மூண்டாவதுக்குப் போட்டு, என்ர வோட்டு வீணாப் போச்சுதெண்டா? இவ்வளவு காலம் இருந்து போட்டு, அது வீணாப் போகக்கூடாது."

வீண் என்ற சொல்லை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறந்தது. குசினி மேசையில் கையால் ஓங்கி அடித்தார். கறிவேப்பிலைப் போத்தல் துள்ளியது.

"மச்சான், விருப்பு வாக்கு இருக்கெல்லோ!"

வெளியார் இதைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு மட்டும் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டுவிட்டு வரவேண்டியதில்லை. விரும்பினால் சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடலாம். முதல் எண்ணிக்கையில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், நீங்கள் ஒன்று போட்டவரும் பின்தங்கிப் போனால், உங்கள் வாக்கு செத்துவிடாது. நீங்கள் இரண்டு போட்டவர் களத்தில் நின்றால் அது அவரிடம் போய்ச் சேரும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஒருத்தரும் அதைப் பாவிப்பதில்லை என்பது வேறு கதை.

"ஒண்டு மூண்டாவது ஆளுக்குப் போடும். ரெண்டு, உமக்குப் பிடிச்ச அந்தப் பெரியாளுக்குப் போடும். மூண்டாவது ஆள் தோத்தா, உம்மட வோட்டு அவனுக்குப் போகும். மனச்சாட்சிக்கு மனச்சாட்சி, காரியத்துக்குக் காரியம்!"

"அமெரிக்காவிலயும் அப்பிடி இருக்கோ?"

"என்ன கேள்வி கேக்கிறீர்? உந்தச் சின்ன சிலோனிலயே இருக்கு. அமெரிக்காவில இல்லாமலோ?"

இதில் எங்கே பிழை என்று அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை. உலகத்துக்கே ஜனநாயகம் விற்கும் நாடு. எங்கள் நாட்டில் இருக்கும் வசதி அங்கே இல்லை என்று யார்தான் நினைப்பார்கள்? அண்ணைக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. அவர் பகுதியில் சீட்டில் எழுதுவதில்லையாம், காட் என்ற அட்டையில் ஊசி போன்ற ஒன்றால் ஓட்டை குத்தவேண்டுமாம். ஓட்டையில் எப்படி ஒன்று, இரண்டு என்று காட்டுவது?

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கணம்தான் யோசித்தார். "முதலாவதை அமத்திக் குத்தும். ரெண்டாவதை மெதுவாக் குத்தும். மிசினுக்கு விளங்கும்."

"மிசினுக்கு மண்ணாங்கட்டி விளங்கும்" என்றேன் நான் கறியைக் கிளறிக்கொண்டு. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் திரும்ப ஒற்றுமையானதே போதும் என்று நானும் சிரித்துவிட்டேன்.

வாக்களிப்பு நாள் அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து கோட்டைக் கழற்ற முன்பே தொலைபேசி அடித்தது.

"போட்டிட்டன் பிள்ளை."

அண்ணைதான். கதவு திறக்க முன்பே போய் நின்றாராம். கழுத்துப்பட்டி கட்டியிருந்தாராம். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே வெறும் இடம், கோடு இல்லை. "அந்த மனிசி என்ர பேரை வாசிச்சுப்போட்டு, இதில கையெழுத்து வையுங்கோ எண்டு பேனையைத் தந்தவள், பிள்ளை. பேனையைத் தந்தவள்!" வெளியே வரும்போது, 'நான் வாக்களித்தேன்' என்று எழுதிய சின்ன வட்ட ஒட்டி ஒன்றைச் சட்டையில் ஒட்டிவிட்டார்களாம். அதைக் கவனமாகக் கழற்றிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறாராம். நான் அழுதேன், அவரும் அழுதார். இவர் பக்கத்தில் நின்று, "ரெண்டும் குத்தினவரோ எண்டு கேளும், ரெண்டும் குத்தினவரோ எண்டு கேளும்" என்று என் தோளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். குத்தினாராம்.

பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். நாடு முழுக்க எண்ணி முடித்தும் முடிவு இல்லை, எல்லாம் புளோரிடாவில் வந்து தொங்கியது. இரண்டு பெரியவர்களுக்கும் இடையில் சில நூறு வாக்குத்தான் வித்தியாசம். தொலைக்காட்சியைப் போட்டால், கண்ணாடி போட்ட மனிதர்கள் வாக்கு அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஓட்டை விழுந்திருக்கிறதா, பாதி தொங்குகிறதா, வெறும் பள்ளமா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை தினமும் எடுக்கத் தொடங்கினார். "இண்டைக்கு அந்த மொட்டையன் பிடிச்சிருந்த காட் அச்சா என்ர மாதிரியே கிடந்தது" என்பார். சில நூறு வித்தியாசத்தில் தன்னுடையதும் ஒன்று என்ற எண்ணம் அவரை உயரத் தூக்கிவிட்டது. குரலிலேயே பத்து வயது குறைந்திருந்தது.

நான் வேலை செய்தது பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஒரு கார்டெரியில், சமையலுக்கு. அங்கே பொறுப்பாக இருந்த கியூபெக் பெண்மணி பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, உங்கள் நாட்டில் இப்படியெல்லாம் நடக்குமா என்று என்னிடம் அனுதாபத்தோடு கேட்டார். "இல்லை மடாம், எங்கட நாட்டில எண்ண முதலே முடிவு தெரியும்" என்றேன். அவர் அது நல்ல முறை என்று நினைத்துத் தலையாட்டினார்.

கோவிலில் இவருடைய மதிப்பு ஒரேயடியாக மாறியது. மூன்றாமவர் வாக்கைப் பிரித்ததால்தான் அமெரிக்கா இப்படி நடுத்தெருவில் நிற்கிறது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அதே மன்னார்க்காரர், "ஐசே, உம்மட ஆள் ஒரு நாட்டையே கவிட்டுப்போட்டாரே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "எங்கட வோட்டு அப்பிடி ஆரையும் கவிழ்க்காது. எங்கட மச்சான் ரெண்டாம் விருப்பும் போட்டவர்" என்றார். விருப்பு வாக்கு என்றால் என்ன என்று மண்டபத்தில் நின்றவர்களுக்கு இன்னொரு தரம் விளங்கப்படுத்தினார். எல்லோரும் இலங்கைக்காரர். ஒருவராவது மறுத்துப் பேசவில்லை.

இந்த அமளியில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு விடயம், கனடாவிலும் அதே நவம்பரில் தேர்தல். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து வருகிற முதல் தேர்தல் அது. அமெரிக்காவை ஆள்பவரைத் தெரிவு செய்த கையோடு, எங்களை ஆளப்போகிறவரையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வரலாம் என்று நான்தான் இவரைத் தள்ளிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை, வேலை முடிந்த பிறகு, ஜோன்-தலோன் வீதிக்குப் பக்கத்திலுள்ள பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபம். வெளியே ஈரப்பனி சேறாகிக் கிடந்தது. வழி முழுக்க இவருக்கு முணுமுணுப்பு. "இஞ்ச ஆர் வெல்லுவினம் எண்டு எல்லாருக்கும் தெரியும். இதுக்கு ஏன் இந்தக் குளிருக்க?"

மேசையில் ஒரு கிழவர். அழகாக நரைத்த மீசை. சீட்டை மடித்துக் கொடுத்து, மறைப்புக்குப் பின்னால் பென்சில் இருக்கிறது என்று காட்டினார். எங்கள் வீட்டுக்காரர் அதை வாங்கிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் அனுபவசாலி அல்லவா? இரண்டு விரலை உயர்த்திக் காட்டி, அரைகுறைப் பிரெஞ்சில், ஒன்று, இரண்டு என்று இலக்கம் போடுவதா, எப்படி என்று கேட்டார்.

கிழவர் திடுக்கிட்டுப்போனார். "நோ, நோ, முசியே!" ஒருவருக்கு மட்டும்தான் புள்ளடி, இரண்டு போட்டால் சீட்டே செல்லாது என்று விளக்கினார். பிறகு வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்துக்கொண்டு, புளோரிடாவிலும் அப்படித்தானே, இரண்டு ஓட்டை குத்தி வைத்தவர்களின் காட்டை எடுத்து ஒதுக்கிவிட்டார்களே, பேப்பரில் பார்க்கவில்லையா என்று கேட்டார். வரிசை சிரித்தது. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அதில் இரத்தமே இல்லை.

மறைப்புக்குப் பின்னால் அவர் போய் வெகுநேரம் வரவில்லை. கிழவர் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பிறகு வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?" என்று வீதியில் வைத்துக் கேட்டேன்.

"ஒருத்தருக்கும் போடேல்லை. கை போகேல்லை. வெறுஞ் சீட்டாய் மடிச்சுப் போட்டிட்டன்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "விசர் மனிசா! தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லுறதுக்கென்ன? பதினெட்டு வருசம் ஒரு மனிசன் காத்திருந்து போட்ட ஒரே ஒரு வோட்டு! அமத்திக் குத்து, மெதுவாக் குத்து எண்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி..." வீதியில் போன கிரேக்கக் கிழவி ஒருத்தி நின்று பார்த்தாள். பார்க்கட்டும். நான் நிறுத்தவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் இவர் நின்றார்.

"ரெண்டாவதை மெதுவாத்தானே குத்தச் சொன்னனான்" என்றார். "மெதுவாக் குத்தினா ஓட்டை விழுந்திருக்காது. வெறும் பள்ளம்தான் இருக்கும். அப்ப முதலாவது செல்லும்தானே?"

படியேறும்போது நானும் அதையே நம்பத் தொடங்கிவிட்டேன். அண்ணை செய்த காரியம் ஒன்றாவது அரைகுறையாகப் போயிருக்கவேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு ஏறினேன். அண்ணை எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேண்டினேன்.

நான்தான் எண்ணைச் சுழற்றினேன். ரிசீவரை நடுவில் பிடித்து, இவர் ஒரு பக்கம் காதை வைத்தார். நான் வாயைத் திறக்க முன்பே அண்ணை தொடங்கிவிட்டார்.

"நேற்று இரா முடிவைச் சொல்லிப்போட்டாங்கள், பாத்தனியோ? ஆனா அது முடிவில்லையாம், பிள்ளை. வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போகினம். எண்ணாம விட்ட காட்டையெல்லாம் எண்ணச் சொல்லிக் கேக்கினம். என்ர காட் அதுக்க கிடந்தாலும் வெளியில வந்திடும்."

"அண்ணை," என்றேன். "அந்த ரெண்டாவது ஓட்டை. மெதுவாத்தானே குத்தினனீங்கள்?"

"ஓம், மெதுவாத்தான். மச்சான் சொன்ன மாதிரியே."

எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. இவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பேந்து காட்டை எடுத்து வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன்" என்றார் அண்ணை. "ரெண்டாவது சரியா விழேல்லை, ஒரு ஓரத்தில தொங்கிக்கொண்டு கிடந்தது. சீ, இது மிசினுக்குத் தெரியாமப் போனாலும் எண்டு போட்டு நகத்தால வழிச்சு எடுத்திட்டன். இப்ப ரெண்டும் வடிவான ஓட்டை. நீ ஒண்டுக்கும் யோசியாதை."

நான் ரிசீவரை இவர் கையில் திணித்தேன். செய்தவர் சொல்லட்டும். இவர் தொண்டையைச் செருமினார்.

"மச்சான்... இஞ்ச நாங்கள் இப்ப வோட்டுப் போடப் போனனாங்கள். ஒருத்தருக்குத்தான் போடலாமாம். அங்கையும் அப்பிடித்தானாம்."

"அப்ப ரெண்டு குத்தினா?"

"செல்லாதாம், மச்சான். காட்டை ஒதுக்கிப்போடுவினமாம். கோட்டு எண்ணச் சொன்னாலும் அதை எண்ணமாட்டினம்." இவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சியை நிறுத்தியது கேட்டது. நான் ரிசீவரைத் திரும்ப வாங்கினேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அண்ணை, குளிர்ப்பெட்டியில ஒட்டினதைக் கழட்டப் போறீங்களோ?"

"ஏன் கழட்ட வேணும்? நான் வாக்களிச்சன் எண்டுதானே அதில எழுதிக் கிடக்கு. அது பொய்யில்லையே." சிரித்தார். எண்பத்திரண்டில் ஊர்ச் சனத்தோடு சேர்ந்து சிரித்த அதே சிரிப்பு.

"அண்ணை, கவலைப்படாதேங்கோ."

"கவலை ஒண்டும் இல்லை, பிள்ளை. ஒண்டைத்தான் யோசிச்சுப் பாக்கிறன். ஊரில ஆரோ ஒரு கள்ளன் என்ர பேரில போட்டிட்டுப் போனான். அதையெண்டாலும் எண்ணினவங்கள்."